ஆகஸ்ட் வெயிலில் பிள்ளைகளோட குளத்து மலை ஏறலாமா? (படுவான்கரை)

கல்லடி மாமி – ஜூலை 6

தம்பி குடும்பத்தோட ஆகஸ்ட் ரெண்டாம் கிழமை ரொறன்ரோவில இருந்து வாறான். மகனுக்கு 14, மகளுக்கு 10. போனமுறை வந்தப்ப பாசிக்குடாவில குளிச்சாங்க, கல்லடிப் பாலத்தில நிண்டு படம் எடுத்தாங்க, மிச்ச நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழ கிடந்தாங்க. இந்தமுறை மருமகன் முன்கூட்டியே வாட்ஸப்பில கேட்டு வச்சிருக்கான், "மாமி, அங்க ஏறுறதுக்கு மலை இருக்கா?" எண்டு. அங்க பள்ளிக்கூடத்தில மலை நடக்கிற கூட்டத்தில அவனும் ஒருத்தனாம். தம்பி குறுக்க விழுந்து, "மட்டக்களப்பில மலையா? தென்னையை விட உசரமா அங்க என்ன இருக்கு" எண்டு சிரிக்கான்.

எனக்குச் சுருக்கெண்டு போயிட்டு. அவனுக்கு எப்பிடித் தெரியும்? 1990ல ஊரை விட்டு வரக்குள்ள அவனுக்கு மூணு வயசு. எனக்கு எட்டு. அம்மாட ஊர் படுவான்கரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். அம்மப்பாட மாட்டுப் பட்டி குளத்துக்கு அங்கால இருந்தது. குளத்தின்ட மேற்குக் கரையில ஒரு மலை. பெரிய மலை இல்ல. முழுக்கக் காடு மூடி, உச்சியில மட்டும் மொட்டைக் கல். அதில நிண்டா குளம் முழுக்கத் தெரியும். தூரத்தில நிக்கிற மாட்டில எது எங்கட, எது மற்ற ஆக்கள்ர எண்டு அம்மப்பா அங்க நிண்டே சொல்லுவார். எனக்கு எல்லாம் ஒரே புள்ளியாத்தான் தெரியும்.

இடத்தை அடையாளம் பிடிக்க எனக்கு ரெண்டு விசயம்தான் ஞாபகம். துருசடியில, அதான் குளத்துத் தண்ணி திறக்கிற மதகடியில, பக்கத்துப் பக்கத்தில ரெண்டு தேத்தா மரம். மலையில பாதி வழியில தவளை குந்திக்கொண்டு இருக்கிற மாதிரி ஒரு கல். ஏறக்குள்ளயும் இறங்கக்குள்ளயும் அதில இருந்துதான் தண்ணி குடிப்பம்.

இப்ப அங்க போகலாமா? யானை எப்பிடி? தம்பிட பொஞ்சாதி கண்ணிவெடி இருக்கும் எண்டு பயப்படுறா. பத்து வயசுப் புள்ளை ஏறுமா? ஆருட்டயும் அனுமதி கேக்கணுமா? இது சரிவராது எண்டா வேற மலை சொன்னாலும் சரி. தம்பிட வாயை அடைக்கணும், அவ்வளவுதான்.


வாவிக்கரைப் பொடியன் – ஜூலை 6

அக்கா, ஏன் கஷ்டப்படுறீங்க? தாந்தாமலைக்குப் போங்க. மண்முனைப் பாலத்தால ஏறி, கொக்கட்டிச்சோலையில தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டுட்டு அப்பிடியே விட்டா நேர போகலாம். கீழ முருகன் கோயில், மேல பிள்ளையார். திருவிழாக் காலத்தில சனம் நிறைய, மத்த நாளில குரங்குதான் நிறைய. கையில பை வச்சிருந்தா பறிச்சிடும்.

உசரம்தான் வேணும் எண்டா குடும்பிமலை. பேர் சொல்ற மாதிரியே முடிஞ்ச குடும்பி. கிரானால உள்ள போகணும். மாரியில புலிபாய்ந்தகல் பக்கம் வெள்ளம் றோட்டை மூடி வள்ளத்தில போற இடம், ஆகஸ்ட்டில புழுதிதான். ஆனா பத்து வயசுப் புள்ளைக்கு அந்த வெயில் கூடத்தான்.


சம்மாந்துறை வேன்காரன் – ஜூலை 7

தாத்தா (அக்காவை நாங்க இப்பிடித்தான் கூப்பிடுவம்), நம்மட பக்கம் இங்கினியாகலைக்கு வாங்க. சேனநாயக்க சமுத்திரம் பாத்தா உங்கட தம்பிக்கு வாய் தானா மூடும். பட்டிப்பளை ஆத்தை மறிச்சு 1949ல தொடங்கிக் கட்டினது. கல்லோயாத் திட்டம் எண்டு படிச்சிருப்பீங்க. கட்டு ரெண்டு மலைக்கு நடுவில இரிக்கி. 1954ல சுத்துக் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கினாங்க. தண்ணிக்குள்ள தீவு தீவா இரிக்கி, யானை ஒரு தீவில இருந்து மத்தத் தீவுக்கு நீந்திப் போகும். நான் ஹயர் கொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அதைப் பாத்துட்டு மத்தியானச் சாப்பாட்டையே மறந்திட்டாங்க. எனக்குத்தான் பசி.

ஆனா ஒண்டு. அங்க வள்ளத்தில போய்ப் பாக்கிறதுதான். அனுமதியும் கூட ஆளும் இல்லாம பூங்காவுக்குள்ள கால்நடையாச் சுத்த விடமாட்டாங்க. உங்கட மருமகனுக்கு நடக்கத்தானே ஆசை.


பழைய வட்டவிதானை – ஜூலை 8

மகள், நீங்க சொல்ற மலை எனக்குத் தெரியும் எண்டுதான் நினைக்கன். ரெண்டு தேத்தாவில ஒண்டு இப்பவும் நிக்கிது. பேரை மட்டும் இஞ்ச எழுதிப் போடாதீங்க. மூணு வருசத்துக்கு முந்தி ஒரு பொடியன் படம் எடுத்துப் பேரோட போட்டான். அடுத்த போயா (பூரணை) லீவுக்கு 14 மோட்டார் சைக்கிள் வந்து குளக்கட்டில நிண்டுது. அவங்க உடைச்சுப் போட்டுப் போன போத்தில் ஓடு இப்பவும் மாட்டுக் காலில ஏறுது.

நான் 1992ல இருந்து 2014 வரைக்கும் அந்தக் குளத்துக்கு வட்டவிதானை. ஊரில சனமே இல்லாத வருசமும் அதுக்குள்ள அடக்கம். தண்ணி திறக்கிறது, பூட்டுறது, துருசடியில மண்வெட்டியோட நிக்கிறவங்களை விலக்கி விடுறது, இதுதான் தொழில். மலை ஏறச் சொல்லி ஒருத்தரும் சொல்லல்ல. ஆனா மாரியில எந்த வாய்க்கால் உடைஞ்சு கிடக்கு, ஆற்ற வயலில தண்ணி கூடப் பாயுது எண்டு பாக்க அதை விட்டா இடம் இல்ல. கீழ நிண்டு சத்தியம் பண்ணுவாங்க, நான் மேல நிண்டு பாத்திருப்பன்.

உசரம் இருநூறு அடி வரும். கொழும்பில மாடிக் கட்டடம் இதை விட உசரம். பத்து வயசுப் புள்ளை அரை மணித்தியாலத்தில ஏறும், அதைப் பெத்த தகப்பனுக்குத்தான் ஒரு மணித்தியாலம் வேணும். மலை ஆளை ஒண்டும் செய்யாது. குளக்கட்டு முடிஞ்சு மலையடி தொடங்கிறதுக்கு நடுவில அரை மைல் பத்தைக் காடு இரிக்கு, அங்கதான் கவனம்.

எல்லாரும் விடியக்காலம் குளிர்மை எண்டு அஞ்சு மணிக்கு வெளிக்கிடுவாங்க. அது பிழை. ஆகஸ்ட்டில குளம் வத்தும். தண்ணி விட்டு விலகின சேத்தில பச்சைப் புல் முளைக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யானை அந்தப் புல்லுக்கும் தண்ணிக்கும் இறங்கும், இரவு முழுக்க நிண்டு, விடியக்குள்ள திரும்பக் காட்டுக்கு ஏறும். ஏறுற பாதையும் நீங்க நடக்கிற பாதையும் ஒண்டுதான். வெயில் மரத்து உச்சியைத் தொட்ட பிறகு, ஆறே முக்காலுக்கு வெளிக்கிடுங்க. பத்து மணிக்குள்ள கீழ இறங்கிடணும். பத்துக்குப் பிறகு கச்சான் காத்து எழும்பும், கல்லும் தோசைக்கல் ஆகிடும். பிந்திப் போச்சு எண்டு மேல நிழலில படுத்துட்டு நாலு மணிக்கு மட்டும் இறங்காதீங்க.

காத்தையும் பாருங்க. கச்சான் மேற்கால வரும். நீங்க கட்டில இருந்து மேற்கை பாத்து நடக்கிறீங்க. காத்து முகத்துக்கு நேர வருது எண்டா முன்னால பத்தைக்குள்ள நிக்கிற யானைக்கு உங்கட மணம் போகாது. அது உங்களை அறியாது, நீங்களும் அதை அறியமாட்டீங்க. அதால அந்த அரை மைலும் கதைச்சுக்கொண்டு போங்க. மலையில ஏறின பிறகு வாயை மூடுங்க, அதுக்குக் காரணம் வேற, பிறகு சொல்றன். பாதையில லத்தி, அதான் யானைச் சாணி, கிடந்தா பொடியனைப் பாக்கச் சொல்லுங்க. ஈரமா, ஆவி பறந்தா, படம் எடுக்காமத் திரும்பி நடங்க. காஞ்சு வெளிறி, வண்டு துளைச்சுக் கிடந்தா அது பழசு. கூட்டத்தைக் கண்டா பயம் குறைவு. தனியனுக்குத்தான் பயப்படணும். எங்கட அப்பா காட்டுக்குள்ள யானை எண்டு வாயால சொல்லமாட்டார், "பெரியவர்" எண்டுதான் சொல்லுவார். நானும் அப்பிடித்தான். இஞ்ச எழுதக்குள்ள மட்டும் எழுதுறன்.

தனியாப் போகாதீங்க. குளத்துக்கு இஞ்சால இப்ப ரெண்டு பட்டி இரிக்கு. பட்டிக்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்க. அவர் நாய் முன்னால போகும். அவருக்கு ஒரு நாள் கூலி குடுங்க, வெத்திலை பாக்கும் வாங்கிப் போங்க. கிராம சேவகருக்கும் முதல் நாளே ஒரு சொல் சொல்லி வையுங்க. வன இலாகாக் கல்லு நட்ட இடமும் அங்கால இரிக்கு, எது எதுக்குள்ள போகலாம் எண்டு அவருக்குத் தெரியும்.

கண்ணிவெடி கேட்டீங்க. 2017ல மட்டக்களப்பைக் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் எண்டு அறிவிச்சிட்டாங்க. அந்த மலையடியில மாடு மேயாத மூலை இல்ல. எண்டாலும் மண்ணுக்குள்ள இரும்புத் துண்டு ஏதும் கண்டா புள்ளைகள் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

இனிக் காடு. அடியில சூரையும் காரையும் ஈச்சையும். முழுக்கை சேட்டு, நீளக் காற்சட்டை, சப்பாத்து. செருப்பு ஆகாது. நான் மேல நிண்டு எத்தனையோ பேரைப் பாத்திட்டன், இறங்கக்குள்ள செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு வாறவங்களை. கோடையில உண்ணி கூட. வீட்டுக்குப் போனதும் எல்லாரையும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வச்சு, காதுக்குப் பின்னால, கக்கத்தில, முழங்கால் மடிப்பில பாருங்க. கிழமைக்குள்ள காய்ச்சல் வந்தா காட்டுக்குப் போனதை டொக்டருட்டச் சொல்லுங்க, இல்லாட்டி அவர் நுளம்பையே தேடிக்கொண்டு இருப்பார்.

கொஞ்சம் ஏறினா வீரை, முதிரை, இடைக்கிடை கருங்காலி. வடக்குச் சரிவில நிக்கிற மரம் எல்லாம் ஒரே மொத்தம் எண்டு காணுவீங்க. தடவிப் பாக்கச் சொல்லுங்க பொடியனை. காரணம் 78 சூறாவளி. நவம்பர் 23. எனக்கு அப்ப 20 வயசு. முதல்ல வடக்கால அடிச்சிது. எங்கட வீட்டுக் கூரை போனது எனக்குத் தெரியாது, சத்தத்தில கூரை போற சத்தம் கேக்கல்ல. விடிஞ்சு பாத்தா மலை மொட்டை. அதுவரைக்கும் ஊருக்குள்ள நிண்டு பாத்தா மலை பச்சைக் கும்பம் மாதிரி இருக்கும், அண்டைக்குத்தான் அதுக்குள்ள இவ்வளவு கல் இருந்தது தெரிஞ்சுது. இப்ப வடக்குப் பக்கம் நிக்கிற எல்லாம் அதுக்குப் பிறகு முளைச்சது. தெற்கால ஒரு பள்ளம் இரிக்கு, அதுக்குள்ள மட்டும் பழைய பாலை மரம் நாலு தப்பி நிக்கிது. ரெண்டு ஆள் கை கோத்தாலும் பிடிக்க ஏலா. ஆனி ஆடியில பாலைப்பழம் பழுக்கக்குள்ள நான் அந்தப் பள்ளத்தால போகமாட்டன், கரடி வரும். நீங்க வாற நேரம் பழம் முடிஞ்சிடும். மரத்தில நகம் போட்ட கோடு மட்டும் இருக்கும், பாத்துட்டு வாங்க.

உச்சிக்குக் கீழ மேற்குப் பக்கம் சரிஞ்ச கல்லில பெருந்தேன் கூடு தொங்கும். சில வருசம் மூணு, சில வருசம் ஒண்டும் இல்ல. அதுக்குத்தான் வாயை மூடச் சொன்னது. சென்ட் பூசாதீங்க, புகை போடாதீங்க, கல் எறியாதீங்க. கலைஞ்சா நிண்டு கையால விசிறாம முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடணும். குளத்துக்குள்ள பாஞ்சா தப்பலாம் எண்டு நினைக்காதீங்க, தண்ணிக்கு மேல வட்டம் போட்டுக் காத்திருக்கும். நிறையக் கொட்டு விழுந்தா 1990 எண்ட நம்பருக்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடணும். மலையில போன் எடுக்காது, கட்டுக்கு வந்தாத்தான் சிக்னல்.

கல்லில நடக்கக்குள்ள குதியால தட்டுங்க. வெங்காயத் தோல் மாதிரிக் கல்லு மேல தகடு தகடாக் கழரும். டொக் டொக்கெண்டு உள்ள வெறுமையாச் சத்தம் கேட்டா அதில நிக்காதீங்க. ஒரு குகையும் இரிக்கு. வாயிலுக்கு மேல மழைத்தண்ணி உள்ள வழியாம ஒரு கோடு வெட்டி இருக்கும். அது ஆதியில துறவிகள் இருந்த காலத்து வேலை. புதையல் எண்டு ஆரோ அலவாங்கால குத்தின தழும்பும் பக்கத்தில இரிக்கு. புள்ளைகள் அதில பேர் எழுதாமப் பாத்துக்கொள்ளுங்க.

தையில வந்தா குளம் நிரம்பி வானால மிஞ்சின தண்ணி பாயும், அல்லி பூத்துக் கிடக்கும், படம் வடிவா வரும். எல்லாரும் தையிலதான் வாங்க எண்டு சொல்லுவாங்க. நான் சொல்லமாட்டன். நிறைஞ்ச குளத்தில தண்ணிதான் தெரியும். ஆகஸ்ட்டில மேல ஏறிப் பாத்தீங்கெண்டா வத்தின குளத்துக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ஒரு மண் வரி தெரியும். அது இந்தக் கட்டுக்கு முந்தின பழைய கட்டு. எந்தக் காலம் எண்டு கேக்காதீங்க. எங்கட அப்பாவுக்கும் அது "பழைய கட்டு" தான். அதைப் பாத்தாத்தான் ஏன் மலையில விழுற மழை எல்லாம் அந்த மூலைக்கு வருது, ஏன் முன்னோர் அங்க மறிச்சாங்க எண்டு விளங்கும். கீழ நிண்டு பாத்தா வெறும் மேடு.

தவளைக் கல் எனக்கு ஞாபகம் இல்ல. எல்லா மலையிலயும் ஒரு தவளை, ஒரு ஆமை, ஒரு யானைக் கல் இருக்கும்.


கல்லடி மாமி – ஜூலை 9

ஐயா, வாசிச்சிட்டு நித்திரையே வரல்ல. அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். பழைய கட்டு எண்டதும், "ஓம், அதாலதான் உங்கட அம்மப்பா கோடையில பட்டிக்குக் குறுக்கால போவார்" எண்டு சொன்னா. அதனால இடம் அதுதான். ஆனா தவளைக் கல் இருந்தது ஐயா. அம்மாவும் சொல்றா. வாய் கிழக்கை பாத்தபடி.


பழைய வட்டவிதானை – ஜூலை 9

இருந்திருக்கும். அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.


ட்ரோன் ராசா – ஜூலை 15

விதானை ஐயா, இடத்தின்ட பேரைச் சொன்னா நாங்களும் வந்து நல்ல வீடியோ எடுத்துப் போடுவம். ஊருக்கு விளம்பரம்தானே. ட்ரோன் இருக்கு, மலை ஏறாமலே எடுக்கலாம்.


பழைய வட்டவிதானை – ஜூலை 15

தம்பி, பெருந்தேன் கூட்டுக்குப் பக்கத்தால அந்த இரைச்சலோட ஒருக்கா விட்டுப் பாருங்க, பிறகு விளம்பரத்தைப் பற்றிக் கதைப்பம். பேர் சொல்லமாட்டன். உன்னிச்சைக் குளத்துக்குப் போங்க. மட்டக்களப்பு ரவுண் குடிக்கிற தண்ணி அங்க இருந்துதான் வருது, அதை எடுத்துப் போட்டா நாலு பேருக்குப் பிரயோசனம்.


கல்லடி மாமி – ஆகஸ்ட் 17

போயிட்டு வந்தம். கேட்டவங்களுக்காக எழுதுறன், கொஞ்சம் நீளம்.

விடிய அஞ்சே முக்காலுக்கு மண்முனைப் பாலம். இந்தப் பாலம் 2014ல தான் வந்தது, அதுக்கு முந்தி இதில பாதையில தான் கடப்பம் எண்டு பிள்ளைகளுக்குச் சொன்னன். "பாதை எண்டா றோட் தானே மாமி, அதில எப்பிடித் தண்ணியைக் கடக்கிற?" எண்டு சின்னவள் கேட்டாள். வாகனமும் ஆளும் ஏத்துற மிதப்புக்கும் எங்கட ஊரில பாதை எண்டுதான் பேர் எண்டு விளங்கப்படுத்திறதுக்குள்ள பாலம் முடிஞ்சு போச்சு. கொக்கட்டிச்சோலையில பாணும் வாழைப்பழமும் வாங்கினம். கட்டுச்சோறு வீட்டில இருந்தே வாழையிலையில கட்டிக்கொண்டு போனது.

பட்டிக்காரர் குளக்கட்டில காத்துக்கொண்டு நிண்டார். தம்பி செருப்போட வந்திருந்தான். அவர் காலைப் பாத்தார், ஒண்டும் சொல்லல்ல. காட்டு வாசலில ஒரு கொப்பு முறிச்சுப் பிள்ளையாருக்குப் போட்டார். சின்னவளும் ஒண்டு முறிச்சுப் போட்டாள். அரை மைலும் கதைச்சுக்கொண்டு போகச் சொன்னீங்களே ஐயா, அப்பதான் எங்களுக்கு ஒரு கதையும் வரல்ல. கடைசியில மருமகன் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சத்தமாச் சொல்லத் தொடங்கினான். பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிய மலையடி வந்திட்டு. லத்தி ரெண்டு இடத்தில கிடந்தது. குச்சியால கிளறி, வண்டு துளைச்சிருக்கு எண்டு அவனே சொன்னான். பட்டிக்காரர் தலையை ஆட்டினார். அவனுக்கு அதுக்குப் பிறகு நடையே மாறிப் போச்சு.

வடக்குச் சரிவு மரங்களைப் பாத்தம். ஐயா சொன்னது சரி, எல்லாம் ஒரே மொத்தம். பாலை மரத்துக் கோட்டில சின்னவள் தன்ட விரலை வச்சுப் பாத்தாள், ரெண்டு கோட்டுக்கு நடுவில அவள்ர ரெண்டு விரல் போகுது. தேன் கூடு ஒண்டு தொங்கிச்சு. அந்த இடத்தில ஏழு பேரும் நாயும் ஒரு மூச்சும் விடாமக் கடந்தம்.

மேல ஏழே முக்காலுக்கு நிண்டம். குளம் மூண்டில ஒரு பங்கும் இல்ல. சேறு, பச்சை, நடுவில தண்ணி, தண்ணி ஓரத்தில வெள்ளையாக் கொக்கும் நாரையும், ரெண்டு கூழைக்கடா. அந்த வரி தெரிஞ்சுது. பிறை மாதிரி வளைஞ்சு குளத்துக்குள்ள இன்னொரு கட்டு. அதுக்கு மேலால மாட்டுத் தடம் போகுது. எனக்கு அம்மப்பா போன வழி அதுதான் எண்டு தெரிஞ்சுது, ஆனா ஒண்டும் சொல்லல்ல. தம்பிதான் கேட்டான், "அக்கா, அந்தக் கறுப்பு என்ன, கல்லா?" எண்டு. பழைய கட்டுக்கு அங்கால, தனியா. பட்டிக்காரர் கண்ணுக்கு மேல கை வச்சுப் பாத்துட்டு, "கல்லு வாலை ஆட்டாது" எண்டார். அரை மணித்தியாலம் அதையே பாத்துக்கொண்டு இருந்தம். அது கடைசியா எழும்பிக் காட்டுக்கு ஏறினது எங்களுக்கு எதிர்ப் பக்கத்தால. தம்பி தென்னைக் கதை பிறகு கதைக்கல்ல.

ஒம்பதரைக்கு இறங்கத் தொடங்கக்குள்ளயே கல்லுச் சுட்டுது. பாதி வழியில தம்பிட செருப்பு வார் அறுந்தது. ஒண்டைக் கையில தூக்கினான், மத்தது எங்கயோ போச்சு. மருமகன்ட காலுறையைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். சின்னவள்ர கணுக்காலில ஒரு உண்ணி. வேற ஒண்டும் இல்ல.

தவளையைத் தேடினன் ஐயா. அது இருந்த இடம் எனக்குத் தெரியும், பக்கத்தில வளைஞ்ச வீரை மரம் இப்பவும் நிக்கிது. அங்க ஒரு தட்டைக் கல் மட்டும்தான் இருக்கு. மேல வரிசையா ஒரு சாண் இடைவெளியில துளை, உளியால அடிச்ச மாதிரி. முதுகு இருந்த இடம் முழுக்க இல்ல. பட்டிக்காரருட்டக் கேட்டன். "விதானையாரைக் கேளுங்க" எண்டார்.


பழைய வட்டவிதானை – ஆகஸ்ட் 18

செருப்பு எங்கட்ட இரிக்கு. பட்டிக்காரர் நேத்துக் கொண்டு வந்து தந்தார். மந்தி கடிச்சு ஒரு பக்கம் இல்ல. வேணுமெண்டா வந்து எடுங்க.

மகள், 2011 தையில வந்த வெள்ளம் தெரியும்தானே. அந்த மாதம் மிஞ்சின தண்ணி வழியிற வானடி கரைஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கட்டே போயிருக்கும், கீழ வயல் வட்டை முழுக்க நிக்கிற வேளாண்மை, அங்கால ஊர். மண்மூட்டை அடுக்கினம், நிக்கல்ல. வெளியால இருந்து கல்லு ஏத்தி வர றோட் இல்ல, எல்லா இடமும் தண்ணி. மலையில இருந்து உருட்டிக்கொண்டு வரக் கூடிய தூரத்தில உடைக்கத் தோதான கல் அது ஒண்டுதான். கமக்காரர் கூட்டத்தில தீர்மானம் எழுதினம். முதல் கையெழுத்து என்ட. உடைக்கிறவங்க உளி வைக்கக்குள்ள நான் பக்கத்தில நிண்டன். நானும் சின்ன வயசில அதில இருந்துதான் தண்ணி குடிச்சிருக்கன்.

வானடிக்குப் போனா இடது பக்கச் சுவரில அடியில பாருங்க. தலைத் துண்டு அப்பிடியே முழுசாக் கிடக்கு. வாய் இப்பவும் கிழக்கைத்தான் பாக்குது.